மைக் அக்காவின் கண்ணாடி அறை

டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த அந்த அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அவர் கணவரே மறந்திருப்பார். பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி பழுதாகிக் கிடந்த காலத்தில், எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று கவுண்டர் கண்ணாடியின் ஓட்டை வழியாகவே கூவிச் சொல்லிச் சமாளித்தவர் அவர். கடைசிப் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஓடினார்களாம். அன்றிலிருந்து அவர் மைக் அக்கா. ஞாயிறு பூசைக்கு நாங்கள் போகும் கத்தோலிக்கக் கோயிலிலும் அதே பெயர்தான். பாட்டுக்குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் கீபோர்டு வாசிப்பவன். மற்றவர்கள் பாடுவதும் எனக்குக் காதில் விழ வேண்டுமே அக்கா என்றேன். அதற்கும் சிரித்தார்.

அப்படிச் சிரிக்கிறவர் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார். அவருடைய இரண்டாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது பூசை நடுவில் வீறிட்டு அழுதது. அப்போதிருந்த பங்குச் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, வாய் திறக்காமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் எப்போதும் உட்காருகிற ஹெட்மாஸ்டர் விரலை நீட்டி வாசலைக் காட்டினார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மழை பெய்துகொண்டிருந்தது. செருப்பு கழற்றிவைக்கிற இடத்தில் ஒதுங்கி நின்று மீதிப் பூசையைக் கேட்டார். அதற்குப் பிறகு பல வருடம் அவர் கோயில் பக்கமே வரவில்லை. பிற்பாடு அவர் மட்டும் திரும்பி வந்தார்; பிள்ளைகள் வரவில்லை. மூத்தவளுக்கு வேறு ஊரில் கல்யாணம் ஆனபோது அதில் பீடமும் இல்லை, பாதிரியாரும் இல்லை. “நான் கோயிலுக்குக் கொண்டு போய் விடல. அப்புறம் அவளைக் குறை சொல்லி என்ன பண்றது” என்பார்.

புதிதாக வந்த ஃபாதர் வயதில் சின்னவர். வந்து கொஞ்ச நாளிலேயே பங்குக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார்: பூசைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலை நரைத்தவர்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எங்கே போயின? ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். செல்போன், வேலை, இந்தக் காலத்துப் பெண்கள். கடைசியில் மைக் அக்கா எழுந்து, நாம்தான் துரத்திவிட்டோம் என்றார். மழையில் நின்ற கதையைச் சொன்னார். விரலை நீட்டியது யார் என்று சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, கோயில் என்பது கோயில், பிள்ளைக் காப்பகம் இல்லை என்று தம் கருத்தையும் பதிவு செய்தார்.

கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தனி இடம் ஒன்று ஏற்பாடு செய்யும் பொறுப்பை ஃபாதர் அக்காவிடமே கொடுத்துவிட்டார். கோயிலின் பக்கவாட்டில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. அடக்கப் பூசைக்கு வரும் சவப்பெட்டிகளைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பதற்காக அந்தக் காலத்தில் கட்டிய அறை. சவப்பெட்டி தள்ளுகிற சக்கர வண்டியும், கை உடைந்த, இறக்கை வைத்த சம்மனசுச் சிலைகளும், உருகிய மெழுகுவர்த்திக் கட்டைகளும் உள்ளே குவிந்திருந்தன. வேறு இடம் கிடையாது. வண்டியைப் பின்புறக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டு, சுவரை இடித்துப் பெரிய கண்ணாடி பதித்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் பீடம் தெரியும். ஸ்பீக்கரில் பூசை கேட்கும். பிள்ளை என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. மெத்தை விரித்து, நாற்காலி போட்டு, சுவருக்கு மஞ்சள் அடித்தார்கள். பிணம் வைத்த அறையில் பிள்ளையைப் படுக்கவைப்பதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எத்தனை முறை கழுவியும் அந்த அறையில் பழைய மெழுகின் வாடை போகவே இல்லை. மழை நாளில் அது இன்னும் கூடுதலாக அடிக்கும்.

அக்கா இன்னொரு சண்டையும் போட்டு ஜெயித்தார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு வருகிற பெற்றோரை, மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற உபதேசியார் அலைக்கழிப்பது வழக்கம். வகுப்புக்கு வந்தீர்களா, எத்தனை ஞாயிறு பூசை பார்த்தீர்கள் என்று குறுக்கு விசாரணை நடக்கும். பாதிப் பேர் மானம் போய்த் திரும்பிவிடுவார்கள். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள் ஃபாதர், கதவைத் திறந்து வைத்துவிட்டு நிலைப்படியில் ஆள் நிறுத்தாதீர்கள் என்று அக்கா வாதாடினார். ஃபாதர் ஒப்புக்கொண்டார். முன்கூட்டிச் சொன்னால் போதும், எந்த ஞாயிறும் ஞானஸ்நானம் உண்டு என்று அறிவித்தார்.

அறை நிரம்பத் தொடங்கியது. நான் கீபோர்டு வாசிக்கும் இடத்துக்கு நேர் எதிரே அந்தக் கண்ணாடி. பிள்ளைகள் மூக்கை அதில் அழுத்தி எனக்கு அழகு காட்டும். நானும் தாளம் தவறாமல் பதிலுக்குக் காட்டுவேன். அது நல்ல காலம்.

அந்தப் பெண்ணை நான் முதலில் பார்த்ததும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒருவரின் மனைவி அவள். புருஷன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்; ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயாவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். கையில் சில மாதப் பெண் குழந்தை. மற்ற தாய்மார் மெத்தையில் உட்கார்ந்து, பால் கொடுத்து, பிஸ்கட்டுக்குச் சண்டை போடும் பிள்ளைகளைப் பிரித்துவிட்டுக்கொண்டு இருப்பார்கள். இவள் உட்காருவதே இல்லை. கண்ணாடியை ஒட்டி, பீடத்தைப் பார்த்தபடி, பூசை முழுவதும் நிற்பாள். குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்திருப்பாள். ஒரு தலைமுடி கலைந்திருக்காது, குழந்தையின் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பார்வை மட்டும் எங்கேயும் நகராது. ஒருநாள் குழந்தை அவள் கையில் வாய் விட்டு அழுதது, முகம் சிவந்துபோயிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குச் சத்தம் கேட்காததில் வியப்பில்லை. அறைக்குள்ளேயே நின்றிருந்த அவளுக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஒருத்தி எழுந்துவந்து தோளைத் தொட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். நான் ஒரு சுரத்தைத் தவறவிட்டேன். ஹெட்மாஸ்டர் திரும்பி என்னை முறைத்தார்.

அவள் அக்காவிடம் அதிகம் பேசியதில்லை. பேசியதெல்லாம் ஞானஸ்நானத்தைப் பற்றியே. எப்போது கிடைக்கும், இன்றைக்கே கிடைக்குமா, ஃபாதர் இல்லாவிட்டால் வேறு யாராவது கொடுக்கலாமா. அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம், உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாமா என்று அக்கா கேட்டதற்கு, யாரும் வர வேண்டாம் என்றாள். பிறகு உபதேசியாரிடம் போய், தண்ணீர் ஊற்றியதும் பிள்ளைக்கு ஒரு பாவமும் இருக்காதா, அந்த நிமிடமே அது இறந்தால் நேராக மோட்சமா, இடையில் எங்கேயும் நிறுத்தமாட்டார்களே என்று விசாரித்திருக்கிறாள். உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடத்தில் இப்படிப் பாடத்தைப் புரிந்துகொண்டு கேட்ட தாயைப் பார்த்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போனார்.

அக்காவுக்கு அந்தக் கேள்விகள் சரியாகப் படவில்லை. ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஃபாதரிடம் போய்ச் சொன்னார். பச்சை உடம்புக்காரி, முதல் பிள்ளை, பயம் இருக்கத்தான் செய்யும், ஞானஸ்நானம் ஆகிவிட்டால் மனம் அடங்கிவிடும் என்றார் ஃபாதர். அவள் வீட்டுக்கும் ஒருமுறை போய் வந்தார் அக்கா. மூன்றாவது மாடியில் சின்ன வீடு. திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. வெளியே நல்ல வெயில். மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மருமகளைப் பற்றிக் கேட்டால், சாப்பிடச் சொன்னாலும் ஜெபம், தூங்கச் சொன்னாலும் ஜெபம், சம்பாதிக்கிறவனுக்கு ஒரு டீ போட ஆள் இல்லை என்று பொரிந்து தள்ளினார். அந்தப் பெண் உள்ளறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்குகிறாயாம்மா என்று அக்கா கேட்டதற்கு, “அவ மூச்சு விடறாளான்னு பாத்துட்டே இருக்கணுமேக்கா” என்று மட்டும் சொன்னாள். புருஷனைப் படிக்கட்டில் பிடித்து அக்கா பேசிப் பார்த்தார். அவர் கையெல்லாம் கிரீஸ். களைப்புதான், வேறொன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரே தூங்கி எத்தனையோ நாள் ஆனது போலிருந்தது.

கடைசியில் ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிறு குறித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண் ஆளே மாறிவிட்டாள். முகத்தில் ஒரு தெளிவு. அறையில் உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்றார் ஃபாதர். அக்காவும் தலையாட்டினார். ஆனால் பூசை முடிந்து என்னிடம் வந்து, அந்தச் சிரிப்பைக் கவனித்தாயா தம்பி என்று கேட்டார். கவனித்தேன் என்றேன். “ஊருக்குக் கிளம்பறவங்க கடைசி வண்டி டிக்கெட் கிடைச்சதும் இப்படித்தான் கவுண்டர்ல சிரிப்பாங்க” என்றார். பிறகு, சீ, நம்ம புத்தி ஏன் இப்படிப் போகுது என்று தலையில் தட்டிக்கொண்டார்.

ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம். நான் பாட்டுக்காரர்களோடு மறுநாள் பாடல்களைப் பழகிக்கொண்டிருந்தேன். வாசகம் படிக்கிற முறை ஹெட்மாஸ்டருடையது. மைக் முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தனியாக வந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டிருக்கிறாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. அதை அக்காவிடம் கொடுத்து ஏதோ சொல்லிவிட்டு, பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு எழுந்து போய்விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா பையைப் பிரிப்பது எனக்குத் தெரிந்தது. சின்னச் சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் அடுக்கினார். பிறகு அடுக்குவது நின்றது. ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் வேகமாக வெளியே வந்ததும் பாட்டு தானாக நின்றது. எனக்கும் ஹெட்மாஸ்டருக்கும் மட்டும் கேட்கும்படி பேசினார். வளர்கிற பிள்ளைகள் யாருக்காவது ஆகும் என்று சொல்லி, அவள் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பரிசாக வந்த துணிகள் எல்லாம் பையில் இருக்கின்றன. ஒரு வயதுக்கு, இரண்டு வயதுக்கு என்று யார் யாரோ வாங்கிக் கொடுத்தவை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நடை பழகும்போது போடுகிற ஷூவும் இருக்கிறது. அது போகட்டும். இப்போது போட்டுக்கொண்டிருக்கிற சட்டைகளும் இருக்கின்றன. போன ஞாயிறு போட்டுவந்த நீலச் சட்டை இருக்கிறது.

“நாளைக்குப் போடற வெள்ளைச் சட்டையைத் தவிர வீட்டுல ஒண்ணும் வச்சுக்கல தம்பி. நாளை மறுநாள் அந்தப் பிள்ளை எதைப் போடும்?”

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதுத்துணி வாங்கியிருப்பார்களோ என்று மெதுவாகக் கேட்டார். அக்கா பேக்கரியில் அடுப்படியில் இருந்த தம் கணவருக்குப் போன் போட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உன் சந்தேகம் தப்பா இருந்தா அவங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கலாம். சரியா இருந்தா என்ன பண்ணுவ? போ” என்றாராம். ஃபாதர் சாகக்கிடந்த ஒரு நோயாளிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கப் போயிருந்தார்; போனை எடுக்கவில்லை. கார் வைத்திருந்தது ஹெட்மாஸ்டர் மட்டும்தான். அவர் வாசகப் புத்தகத்தை மூடிவிட்டுச் சாவியை எடுத்தார்.

அந்த மூன்று மாடியை ஏறிய மாதிரி நான் எந்தப் படியையும் ஏறியதில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாமியார் கதவைத் திறந்தார். உள்ளறையில் அந்தப் பெண் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை கட்டில் நடுவில் ஒரு துண்டில் சுற்றிக் கிடந்தது. அசையவில்லை. அக்கா முதலில் அங்கேதான் போனார். குனிந்து கன்னத்தைத் தொட்டார். குழந்தை உதட்டைச் சப்புக் கொட்டியது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தார். ஊரையே எழுப்பும் அந்தக் குரலில் இப்படி ஒரு தணிவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“உன்னை ஒண்ணு கேக்கறேன்மா. கோவிச்சுக்காத. நாளைக்கு ஞானஸ்நானம் ஆனதும் பிள்ளைய ஏதாவது பண்ணிடணும்னு உனக்குத் தோணுதா?”

வாசலில் நின்ற மாமியார், என்ன பேச்சு இது என்று பதறி முன்னால் வந்தார். ஹெட்மாஸ்டர் கையை நீட்டி மறித்தார். அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“ஆமாக்கா” என்றாள். சாதாரணமாக, டீ குடித்தாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. “என்கிட்ட வளந்தா இவ கெட்டுப்போயிடுவா. எனக்குத் தெரியும். நாளைக்கு இவ சுத்தமா இருப்பா. அப்பவே அனுப்பி வச்சுட்டா ஒரு கஷ்டமும் படமாட்டா. அப்புறம் நானும் போயிடலாம்னு இருந்தேன்.” பிறகு, “இதை யாரும் என்கிட்ட கேக்கவே இல்லக்கா” என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். அந்த அழுகையில் குழந்தை விழித்துக்கொண்டது.

அக்கா அவள் கையை விடவே இல்லை. காரில் ஏறும்போதும், ஆஸ்பத்திரியில் சீட்டுக்குக் காத்திருந்தபோதும் பிடித்துக்கொண்டே இருந்தார். குழந்தையை நான் வைத்திருந்தேன். அது என் சட்டைப் பட்டனைச் சப்பிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் நெடுநேரம் பேசினார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு மனம் இப்படித் திரிந்துபோவது உண்டு, இது பக்தியும் இல்லை, கொடுமையும் இல்லை, வியாதி, குணமாக்கலாம், ஆனால் இன்றைக்கு அவளை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். புருஷன் கிரீஸ் கையோடு ஓடிவந்தார். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்கிட்ட சொல்லலியே, என்கிட்ட சொல்லலியே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர், அந்தக் கறாரான மனிதர், அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சலவைச் சட்டை அழுக்காவதைப் பார்க்கவில்லை.

ஃபாதர் விஷயம் தெரிந்து வந்து சேர்ந்தார். அக்காவைத் தனியே அழைத்துப்போய், “நான் நாளைக்குக் குடுத்திருப்பேன்க்கா. சந்தோஷமா, சிரிச்சிட்டே குடுத்திருப்பேன்” என்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லிப் போராடியது நான்தானே என்றார் அக்கா. மறுநாள் பூசையில் ஞானஸ்நானம் இல்லை. காரணமும் அறிவிக்கவில்லை.

அறிவிக்காவிட்டால் என்ன, ஊர் வாய் சும்மா இருக்குமா. மாமியார் தெருவுக்குத் தெரு நின்று, கோயில்காரி வீடு புகுந்து நல்ல பெண்ணைப் பைத்தியம் என்று கட்டிப் பூட்டிவிட்டாள் என்று புலம்பினார். கதை கால் முளைத்து, கை முளைத்து நடந்தது. பிணம் வைத்த அறையின் வேலைதான் இது என்று ஒரு கட்சி. அங்கே போனால் உன்னையும் வேவு பார்ப்பார்கள் என்று இன்னொரு கட்சி. அடுத்த சில வாரங்களில் அறை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு ஞாயிறு அதில் யாருமே இல்லை. மஞ்சள் சுவரும் மெத்தையும், ஸ்பீக்கரில் ஃபாதரின் குரலும். அந்தக் காலி அறையை எதிரே வைத்துக்கொண்டு வாசிப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. அக்கா மட்டும் வழக்கம்போலக் கூட்டிப் பெருக்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மாமியார் கோபத்தில் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பகலில் பார்த்துக்கொண்டார். முடியாத நாளில் அவர் கணவர் பேக்கரியிலிருந்து வந்து, மாவு கையைக் கழுவிவிட்டு மடியில் போட்டுக்கொள்வார். புருஷன் லீவு எடுத்தார். லீவு தீர்ந்ததும் சம்பளமில்லாமல் எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் கொண்டுபோய்த் தாய்க்குக் காட்டுவது ஹெட்மாஸ்டரின் காரில். முதலில் அந்தப் பெண் குழந்தையைத் தொடப் பயந்தாள். நர்ஸ் பக்கத்தில் நிற்க, ஒரு விரலை நீட்டினாள். அதைக் குழந்தை பிடித்துக்கொண்டது. இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது முகத்தில் பெருமை இல்லை, பயம்தான் இருந்தது. இன்னொரு முறை வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

சில மாதம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். மாத்திரையினால் உடம்பு கொஞ்சம் ஊதியிருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. ஆனால் பார்வை நகர்ந்தது, கண் சிமிட்டியது. ஒரு வாரநாள் காலையில், கோயிலில் ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்க, ஃபாதர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானத்தாய் அக்கா. தலையில் தண்ணீர் ஊற்றிய நேரத்தில் எங்களில் ஒருவரும் குழந்தையைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு வாசலில் அவள் அக்காவிடம் தனியாகப் பேசினாள். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, குடி மாறப்போகிறோம் என்றாள். “உங்களால்தான்க்கா இவ இருக்கா. நானும் இருக்கேன். ஆனா உங்க முகத்தைப் பாத்தாலே எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருது. என்னால முடியல.” அக்கா அவள் கன்னத்தைத் தட்டி, போய் நன்றாக இரு, அங்கே டாக்டரைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதே என்றார். அவர்கள் போன பிறகு வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். ஞானப்பிள்ளையை அவர் அதன் பிறகு நேரில் பார்க்கவில்லை. எப்போதாவது புருஷன் ஒரு போட்டோ அனுப்புவார். அதில் தாய் இருக்கிறாளா என்றுதான் அக்கா முதலில் தேடுவார்.

குடும்பங்கள் மெல்லத் திரும்பி வந்தன, முன்னளவு இல்லை. ஃபாதர் அந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டுப் பெற்றோருக்குப் பேசவைத்தார். உபதேசியார் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பிள்ளைகள் நடைபாதையில் ஓடினால் ஹெட்மாஸ்டர் இப்போதும் முகம் சுளிக்கிறார். அந்தக் குணம் அவரோடுதான் போகும்.

அக்கா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். புதிதாக வருகிற ஒவ்வொரு தாயிடமும் தனியாக இருக்கும்போது, தூக்கம் எப்படி, மனசு எப்படி, பயமான எண்ணம் ஏதாவது வருகிறதா என்று கேட்டுவிடுவார். சுற்றி வளைக்கமாட்டார். சிலருக்குச் சுருக்கென்றது. ஒருத்தி அழுதுகொண்டே போய்ப் புருஷனிடம் சொல்லி, அவர் வந்து சத்தம் போட்டு, குடும்பமே வேறு பங்குக் கோயிலுக்குப் போய்விட்டது. ஃபாதர்கூட, கொஞ்சம் பக்குவமாகக் கேட்கலாமே என்றார். பக்குவம் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு நேரம் போயிருக்கும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி அறையில் ஓர் இளைஞர் மட்டும் பிள்ளையின் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குழந்தையோடு முற்றத்தில் மற்றப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா அவளிடம் முந்தின வாரமே கேட்டாயிற்று. நன்றாக இருக்கிறேன் என்று சிரித்திருந்தாள். அக்கா விளக்கை அணைக்கப் போனபோது அந்த இளைஞர் பால்புட்டியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

“அம்மாக்கள்கிட்ட மட்டும்தான் கேப்பீங்களாக்கா?”

அக்காவின் கை சுவிட்சில் நின்றது. அந்த இளைஞரின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, எதிரே உட்கார்ந்தார். நான் கீபோர்டை உறையில் போட்டு மூடிவிட்டு, வெளியே போய் அவருடைய மனைவியிடம் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன்.